விருந்தினர் வீட்டுக்கே போவதா, ஜூமில் பேசுவதா?

நெல்லை வட்டாரத்துக் கைத்தொழில்காரர்களோடு பேசி பாட்காஸ்ட் போடுகிறேன். முதல் வருஷம் எல்லாமே ஜூம்தான். இப்போது மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விடுகிறேன்.

ஜூமில் பெட்ரோல் மிச்சம், துபாயில் இருப்பவரோடும் பேசலாம். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும், சரியாகப் பேச்சு சூடுபிடிக்கிற நேரத்தில். நேரில் போனால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும், சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லவும் சங்கடம். இதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம்: பேசி முடித்த பிறகு, "இதை எடுத்துருங்க" என்று விருந்தினர் உரிமையோடு சொல்ல முடிகிறதா?

பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அம்மா வீட்டுக்கு முதல் தடவை போனபோது மைக்கை வெளியே எடுக்கவே இல்லை. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவது, மெல்லிசாகக் கீறுவது, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோப்பது என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள், நானும் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வாரம் போய்ப் பதிவு செய்தேன். மறுநாள் காலையிலேயே போன்: "தம்பி, மவன் கடன் வாங்குன கதைய மட்டும் போட்டுராதிய." வெட்டிவிட்டு, திருத்திய ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் கேட்டுச் சரி என்ற பிறகுதான் வெளியிட்டேன். அப்புறம் பக்கத்துத் தெருவில் இரண்டு பேரிடம் அவர்களே கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஜூமில் பேசிய ஒருவருக்கும் இதே மாதிரி ஒரு வருத்தம் இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வார்? நாலு மாசம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது, உடனே அந்தப் பகுதியை நீக்கினேன், ஆனாலும் இன்றுவரை அவர் என் போனை எடுப்பதில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மேடையில் பேசிப் பழகிய பேராசிரியர், டாக்டர் போன்றவர்களுக்கு ஜூமே போதுமாக இருக்கலாம். அப்படி மூன்று பேரோடுதான் பேசியிருக்கிறேன், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு எனக்கும் ஜூமை விட்டால் வழியில்லை. ஆனால் இப்போது பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் சும்மா போனில் பேசிவிடுகிறேன், திருத்திய ஆடியோவையும் வெளியிடுவதற்கு இரண்டு நாள் முன்பே அனுப்புகிறேன். இப்படிச் செய்த நாலு பேரில் இரண்டு பேர் வாய்விட்டுத் திருத்தம் கேட்டார்கள்.