இன்சுலினா, கார்டியசாலா, கரண்டா?

அம்மாவுக்கு ஈ.சி.டி. (தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவழைக்கும் மனநல சிகிச்சை) கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "கரண்ட் வைக்கப் போறீங்களா?" என்று சித்தி அழுதுவிட்டார். சோறு தண்ணீர் இறங்காமல் அம்மா சுவரையே பார்த்துப் படுத்திருந்த நாட்கள் அவை. கடைசியில் கையெழுத்துப் போட்டவன் நான். இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று அப்போது தேடிப் படித்தேன். 1933 முதல் 1938 வரையிலான காலத்தில், ஐரோப்பாவில் மனநோய்க்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அதிர்ச்சி முறைகள் வந்திருக்கின்றன. மூன்றில் கரண்ட் மட்டும் ஏன் நிலைத்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இது.

முதலில் இன்சுலின். வியன்னாவில் மன்ஃபிரெட் சாக்கெல் 1933இல் அறிவித்த முறை. காலையில் வெறும் வயிற்றில் ஊசி போடுவார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, நோயாளி கோமாவுக்குப் போவார். அப்புறம் மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சர்க்கரைக் கரைசல் ஊற்றி எழுப்புவார்கள். வாரத்தில் ஆறு நாள் என்று ஐம்பது அறுபது கோமா வரைகூடப் போகும். நூற்றில் ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை இறந்ததாகக் கணக்குகள் உண்டு. பலன் உண்டா என்றால், அதுவும் நிற்கவில்லை. தேறக்கூடியவர்களாகப் பார்த்து எடுத்து, மற்ற வார்டுகளில் கிடைக்காத கவனிப்பைக் கொடுத்ததால்தான் தேறினார்கள் என்று 1953இல் லான்செட் மருத்துவ இதழில் ஹரல்ட் போர்ன் என்ற மனநல மருத்துவர் எழுதினார். 1957இல் அதே இதழில் ஒரு சோதனை முடிவு வந்தது: இன்சுலின் கோமா பெற்றவர்களுக்கும், பார்பிட்யூரேட் என்ற தூக்க மருந்து கொடுத்து மயங்க வைத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகும், 1961இல், கணித மேதை ஜான் நாஷுக்கு அமெரிக்காவின் ட்ரென்டன் மருத்துவமனையில் இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

அடுத்தது கார்டியசால், ஊசியில் ஏற்றி வலிப்பு வரவழைக்கும் மருந்து. புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடுனா 1934 ஜனவரியில் கற்பூர எண்ணெய் ஊசியில் தொடங்கி, சீக்கிரமே இந்த மருந்துக்கு மாறினார். வலிப்பு இருக்கும் மூளையில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) தங்காது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. ஆனால் வலிப்பு வந்தபின் சிலர் உண்மையாகவே தெளிந்தார்கள். பல காலம் அசையாமல் கிடந்தவர்கள் எழுந்து பேசினார்கள்.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒரே கேள்விதான்: இரண்டாவது தடவை நோயாளி வருவாரா? இது ஒரு தடவையோடு முடிகிற வைத்தியம் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். கார்டியசால் நரம்பில் ஏறியதும் உடனே நினைவு போகாது. சில நொடிகள், சிலருக்கு அதைவிட நீண்ட நேரம், முழு நினைவோடு சாவு வந்துவிட்டது போன்ற பீதி. வலிப்பு வராமல் போனால் அந்தப் பீதி மட்டும் மிஞ்சும்; மறுபடி ஊசி. அந்த நொடிகள் நோயாளிக்கு நன்றாக நினைவில் இருந்தன. அடுத்த ஊசிக்கு ஆட்களை இழுத்து வர வேண்டியிருந்தது. போதாததற்கு, வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பில் முறிவு.

ரோமில் ஊகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் 1938 ஏப்ரலில் மின்சாரத்தால் வலிப்பு வரவழைத்தபோது மாறியது இதுதான். கரண்ட் பாயும் அந்தக் கணமே நினைவு போய்விடுகிறது. பொட்டில் மின்சாரம் கொடுத்தால் உயிர் போகாது என்ற தைரியம் அவர்களுக்கு வந்தது ரோம் கசாப்புக் கூடத்தில்: அங்கே பன்றிகளின் தலையில் மின்சாரம் வைத்து மயக்கிவிட்டுத்தான் அறுத்தார்கள். எலும்பு முறிகிற தொல்லை மட்டும் தொடர்ந்தது. 1940இல் குராரே, 1950களில் சக்சினைல்கோலின் என்று தசையைத் தளர்த்தும் மருந்துகள் வந்த பிறகே அது அடங்கியது. மயக்க மருந்தும் சேர்ந்த பிறகு, முன்னால் இருக்கும் பயமும் பெருமளவு குறைந்தது.

அம்மா விஷயத்தில் நான் கண்டது: முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி, காலையில் கையில் ஊசி, உள்ளே போய்த் திரும்பும்போது அரைத் தூக்கம். வெளியே வந்ததும் "காபி இருக்கா?" என்றுதான் கேட்டார். அடுத்த முறை அவரே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். கார்டியசால் காலத்து நோயாளிகளோடு ஒப்பிட எனக்கு இது போதும்.

ஞாபக மறதி விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அம்மாவுக்கு அந்த வாரங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன; பெரியப்பா வந்து பார்த்துவிட்டுப் போனதே தெரியாது. அவருக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் இதைவிட அதிகமாக இழந்தவர்கள் உண்டு. நான் பார்த்தது ஒரே ஒருவரை, அதுவும் மகனாக.

நம் நாட்டில் மயக்க மருந்து இல்லாமல் நேரடியாகக் கொடுப்பது பல காலம் நடந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன், மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, மண்டையின் ஒரு பக்கம் மட்டும் கொடுப்பார்களா (மறதி அதில் குறைவு) என்று கேளுங்கள். முடிந்த பிறகு என்ன மாத்திரை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈ.சி.டி.யோடு நிறுத்திவிட்டால் சில மாதங்களில் நோய் திரும்புவது சகஜம். அம்மா இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறார்.