“முழுச் செம்பு” என்று சொல்லி விற்ற கேபிள்: டிரக் கேம்பரில் ஒயரிங் வேலையை நீங்களே செய்பவர்கள் கவனிக்கவும்

டிரக் கேம்பரில் (டிரக்கின் பின்பெட்டியில் ஏற்றி வைக்கிற, தங்கிப் படுக்கும் கூண்டில்) பேட்டரி, ஒயரிங் வேலையெல்லாம் நீங்களே செய்துகொள்பவரா? “எல்லாம் அடங்கிய லித்தியம் செட்” என்று ஒரே பெட்டியில் வரும் சாமானை வாங்கும் யோசனை இருக்கிறதா? அப்படியென்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது தீ வரைக்கும் போகவில்லை, ஆனால் போயிருக்கும். அந்தக் கேபிள் ஓடிய பலகைக்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் தலை வைத்துப் படுப்போம்.

பழைய ஈய பேட்டரி செத்துப்போனதால் லித்தியத்துக்கு மாறலாம் என்று முடிவு செய்தேன். செட்டில் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, வண்டி ஓடும்போது டிரக் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து இந்தப் பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று, 16 சதுர மி.மீ கேபிள் சிவப்பும் கறுப்பும், லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது), ஃபியூஸ் எல்லாம் இருந்தன. தனித்தனியாக வாங்குவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. விற்பனைப் பக்கத்தில் “முழுச் செம்பு” என்றே போட்டிருந்தார்கள், இருந்தாலும் நான் செய்தி அனுப்பிக் கேட்டேன். “100 சதவீதம் செம்பு, கவலையே வேண்டாம்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

டிரக்கின் பேட்டரியிலிருந்து கேபிள் சேஸிஸுக்கு அடியில் ஓடி, பின்பெட்டியின் முன்சுவரில் உள்ள பிளக்குக்கு வந்து, அங்கிருந்து கேம்பருக்குள் போகிறது. கேம்பரை இறக்கி வைக்கும்போது கழற்ற வேண்டுமே, அதற்குத்தான் அந்தப் பிளக். போக 7 மீட்டர், வர 7 மீட்டர். உறை மாட்டி, கிளிப் அடித்து, சைலென்ஸர் பக்கம் போகாமல் வளைத்து, மூன்று வாரக் கடைசிகள் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்து செய்த வேலை அது.

முதல் பயணத்திலேயே சந்தேகம் வந்தது. நாலு மணி நேரம் ஓட்டியும் பேட்டரி சரியாக ஏறவில்லை. சார்ஜர் கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும், மறுபடி ஓடும். உள்ளே வருகிற வோல்டேஜ் குறைந்தால் அது தானாக நின்றுகொள்ளும் என்பது தெரியும். என் கிரிம்ப்தான் (லக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்தியது) சரியில்லை என்று நினைத்து எல்லா லக்கையும் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. நாலாவது நாள் கேம்பரின் முன்பக்க அறையைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கில் கை வைக்க முடியவில்லை, லக்கின் மேல் சுருக்கியிருந்த உறை பழுப்பாகிவிட்டிருந்தது. ஃபியூஸ் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த ஃபியூஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஃபியூஸ் பார்ப்பது கரண்டின் அளவை மட்டும்தான். வெளியே 30 ஆம்பியர் தருவதற்குச் சார்ஜர் கேபிள் வழியாக இழுத்தது 40 ஆம்பியர், அது ஃபியூஸின் வரம்புக்குள்தான் இருக்கிறது, அப்புறம் அது ஏன் போக வேண்டும்? ஆனால் ஒரு மூட்டில் 0.02 ஓம் தடை ஏறிவிட்டாலே 40 ஆம்பியருக்கு 32 வாட் சூடு அந்த ஒரே இடத்தில் உட்காரும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை மரப்பலகை மேல் போட்டுவிட்டு மணிக்கணக்கில் வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது டிரக் பேட்டரியில் 14.2 வோல்ட், சார்ஜரின் வாயில் 12.6. கணக்குப்படி 16 சதுர மி.மீ செம்பில் 14 மீட்டருக்கு 40 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட்தான் குறையும். எனக்கு 1.6 குறைந்தது. சரி என்று ஒரு துண்டை வெட்டிக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே பளபளவென்று வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கடத்தாது. லக்கில் வைத்து அழுத்தினால் நாள்பட நசுங்கிக்கொண்டே போய்ப் பிடி தளரும். காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது. குலுங்கிக்கொண்டே ஓடும் வண்டியில் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று விற்றவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அதோடு முடியவில்லை. இழைகளை எண்ணினேன், 126 இருந்தது, எண்ணிக்கை சரி. ஒரு இழை 0.4 மி.மீ தடிமன் இருந்தால்தான் மொத்தம் 16 சதுர மி.மீ வரும். காலிப்பரில் அளந்தால் 0.32. மொத்தம் 10 சதுர மி.மீதான் வருகிறது. உறையைத் தடிமனாகப் போட்டு, மேலே 16 என்று அச்சடித்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி செய்திருக்கிறார்கள். கவனக்குறைவில் வந்த பிழை என்று இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கேபிள் இப்படி என்றால் பேட்டரி மட்டும் யோக்கியமாகவா இருக்கும் என்று அதையும் சோதித்தேன். நிறையச் சார்ஜ் ஏற்றி, நண்பரிடம் வாங்கிய எலக்ட்ரானிக் லோடில் (சொன்ன அளவு கரண்டை மாறாமல் இழுக்கும் சோதனைக் கருவி) 20 ஆம்பியர் வைத்து ஓடவிட்டேன். 200 ஆம்பியர்-அவர் என்றால் 10 மணி நேரம் நிற்க வேண்டும். 5 மணி 40 நிமிடத்தில் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் துண்டித்துவிட்டது, அதாவது சுமார் 113 ஆம்பியர்-அவர்தான். கோபத்தில் மூடியைப் பிரித்தேன். பாதி இடம் பஞ்சு. உறைநிலைக்குக் கீழே போனால் சார்ஜைத் தானே நிறுத்தும் என்று லேபிளில் இருந்தது, உள்ளே தேடிப் பார்த்தால் வெப்பநிலை சென்சாரே இல்லை. 0 டிகிரிக்குக் கீழே இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் இந்த லேபிளை நம்பித்தானே கிளம்புவார்கள்!

விற்றவர் முதலில் “உங்கள் கிரிம்ப் சரியில்லை” என்றார். படம் அனுப்பினேன். “எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்றார். சுரண்டிய துண்டின் படத்தை அனுப்பியதும், “தொழில்முறை ஆள் பொருத்தாத வேலைக்கு வாரண்டி கிடையாது” என்று முடித்துக்கொண்டார். தானே வேலை செய்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம், கெட்டுப்போனால் பழியை அவன் கைமேல் போட்டுவிடலாம் என்பதுதான் இவர்கள் கணக்கு, எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான். இரண்டே நாளில் விற்பனைப் பக்கத்தில் “செம்பு” என்ற சொல்லே காணாமல் போனது. நான் முன்பே படம்பிடித்து வைத்திருந்தேன். அதையும் அந்தப் பழைய பதிலையும் காட்டியதால் கார்டு வங்கி கேபிளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தது. பேட்டரிக்குத் தரவில்லை, மூடியைத் திறந்துவிட்டேன் என்பது காரணம். நீங்கள் சோதிப்பதாக இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். லோடு சோதனையை மட்டும் கடிகாரமும் மீட்டரும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

கேபிள் வந்ததும் வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் ஒரு அங்குலம் வெட்டி, இழையைச் சுரண்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளியே வெள்ளையாக இருப்பதாலேயே அலுமினியம் என்று முடிவு கட்டாதீர்கள், வெள்ளீயம் பூசிய நல்ல செம்புக் கேபிளும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், உள்ளே சிவந்திருக்கும். எடையும் போட்டுப் பாருங்கள். 14 மீட்டர் 16 சதுர மி.மீ என்றால் உறை இல்லாமல் செம்பு மட்டுமே 2 கிலோ வரும். எனக்கு வந்தது உறையோடு சேர்த்தே ஒன்றேகால் கிலோ. முதல் நாளே தராசில் வைத்திருந்தால் மூன்று வாரக் கடைசிகள் மிஞ்சியிருக்கும்.

இப்போது வேறு இடத்தில் வாங்கிய செம்புக் கேபிளைப் போட்டு, பிளக்கையும் மாற்றிவிட்டேன். அதே 40 ஆம்பியருக்கு 0.6 வோல்ட்தான் குறைகிறது, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டால் பிளக்கில் சூடே இல்லை. பழைய கேபிளைத் தூக்கிப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்று பயந்து, ஒரு சாண் துண்டுகளாக நறுக்கித்தான் பழைய உலோகக்காரரிடம் கொடுத்தேன், அலுமினியம் என்று சொல்லி.