இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்பில் லினக்ஸ்: செத்தது எது?

என் லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு. ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பது, இன்னொன்று தனி கார்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பு வந்த 2023-லிருந்து இதில் லினக்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. இப்போது டெபியன் 13. எந்தக் கம்பெனி லேப்டாப், எந்தக் கம்பெனி கார்டு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும். கீழே வரும் பெரும்பாலான விஷயங்கள் இரட்டை கிராபிக்ஸ் உள்ள எந்த லேப்டாப்புக்கும் பொருந்தும்.

ஆரம்பத்தில் நிலைமை படுமோசம். மூடிவைத்துத் திறந்தால் சில நேரம் கறுப்புத் திரை. வேலை நடுவே சில நேரம் திரை அப்படியே உறைந்து நிற்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "விண்டோஸ் போட்டு எடுத்துட்டு வாங்க சார், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். நெட்டில் தேடினால் லினக்ஸின் மையமான கர்னலுக்கு பூட் ஆகும்போது கொடுக்கும் ஐந்தாறு அமைப்புகளை (பாராமீட்டர்) ஒரே வரியில் கோத்து, "எனக்குச் சரியாகிவிட்டது" என்று யாராவது எழுதியிருப்பார். அவருடைய கார்டு வேறு, பயோஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) வேறு, கர்னல் வேறு. அந்த ஐந்தில் எது வேலை செய்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. இந்த மாதிரி வரிகளை அப்படியே ஒட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

திரை நின்றதும் நான் முதலில் பார்ப்பது செத்தது எது என்பதைத்தான். கேப்ஸ் லாக் கீயைத் தட்டினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது. போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினுக்குள் நுழையும் முறை) வழியாக லேப்டாப்புக்குள் போக முடிந்தால் முடங்கியது கிராபிக்ஸ் பக்கம் மட்டும்தான் என்று உறுதி. எல்லா விண்டோவும் மூடி லாகின் திரைக்கே தூக்கிப் போட்டுவிட்டால், அது பெரும்பாலும் விண்டோக்களைத் திரையில் சேர்த்து வரையும் கம்போசிட்டர் என்ற நிரல் விழுந்த கதை. அதற்கு ஹார்டுவேரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். எதற்குமே பதில் இல்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன் ஆல்ட், பிரின்ட் ஸ்க்ரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி (S, U, B) என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி, ரீட்-ஒன்லி ஆக்கி, ரீபூட் செய்துவிடும். ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று ஆறு எழுத்தாகத்தான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். ஆனால் எந்தெந்த எழுத்துக்கு அனுமதி என்பதை ஒரு எண் தீர்மானிக்கும்; இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் அது 176. அதில் வேலை செய்வது கடைசி மூன்று மட்டும்தான்.

திரும்பி வந்ததும் லாக் பார்க்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை -கே -பி -1 (-k -b -1) சேர்த்து ஓட்டினால், முந்தைய பூட்டில் கர்னல் என்ன சொல்லிவிட்டுப் போனது என்று தெரியும். கடைசி வரிகள் டிஸ்க்குக்கு வருமுன்பே மெஷின் உறைந்துவிடுவதும் உண்டு. அதனால் சந்தேகம் உள்ள நாட்களில் அதே கட்டளையை -பி -1 இல்லாமல், -எஃப் போட்டுப் போன் திரையில் ஓடவிட்டுவிடுவேன். லேப்டாப் செத்தாலும் அதன் கடைசி வார்த்தை போனில் இருக்கும்.

இப்படிப் பார்த்தபோதுதான் இது ஒரு நோய் இல்லை, இரண்டு என்று தெரிந்தது. கறுப்புத் திரைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே வரி: சாதனத்தை டி3கோல்டிலிருந்து டி0-வுக்கு மாற்ற முடியவில்லை, சாதனம் எட்டவில்லை. உறைந்த திரைக்கு லாகில் ஒன்றுமே இல்லை. கர்னலைப் பொறுத்தவரை எல்லாம் நலம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வேலை இல்லாதபோது தனி கார்டுக்குப் போகும் கரன்ட்டையே லேப்டாப் நிறுத்திவிடும்; அந்த நிலைக்குப் பெயர்தான் டி3கோல்டு. முழுதாக விழித்திருக்கும் நிலை டி0. பேட்டரிக்கு நல்லது. சிக்கல் அதை எழுப்புவதில். என் லேப்டாப்பில் கேம் ஆடும்போது ஒரு தொந்தரவும் கிடையாது, ஏனென்றால் அப்போது கார்டு விழித்தே இருக்கிறது. சும்மா இருக்கும்போது டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் ஹேங். பிசிஐ சாதனங்களைப் பட்டியல் போடும் சாதுவான கட்டளை அது. பட்டியல் போட ஒவ்வொரு சாதனத்தையும் தட்டிப் பார்க்கிறது. தூங்கும் கார்டையும் தட்டுகிறது. கார்டு எழ முடியாமல் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. சிஸ்டம் தகவல் காட்டும் சின்னச் சின்ன டூல்களும் இதே வேலையைச் செய்யும். 'ஒன்றுமே செய்யாதபோது ஹேங் ஆகிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இதுதான் தோன்றும்.

கார்டை எழுப்பும் படிகளை எழுதி வைத்திருப்பது பயோஸில் மின்சார நிர்வாகத்தைக் கவனிக்கும் ஏசிபிஐ நிரல். அந்த நிரல் கேட்பவர் யார் என்று பார்த்து நடந்துகொள்ளும். "நீ விண்டோஸின் இந்தப் பதிப்பா?" என்று அது கேட்டால் லினக்ஸ் கர்னல் "ஆமாம்" என்று சொல்லும். "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை"! வேடிக்கையாக இருந்தாலும் காரணம் உண்டு. தயாரிப்பாளர்கள் சோதித்துப் பார்த்திருப்பது விண்டோஸுக்கான பாதையை மட்டும்தான். லினக்ஸ் என்று தனிப் பாதை எழுதியிருந்தால் அது யாரும் நடக்காத பாதை. ஏசிபிஐ_ஓஎஸ்ஐ என்ற பாராமீட்டரை வைத்து, பழைய விண்டோஸ் என்று சொல்ல வைப்பது இதனால்தான். சிலருக்கு அது பலித்திருக்கிறது. எனக்குப் பலிக்கவில்லை, கூடவே டச்பேடும் படுத்துக்கொண்டது.

அடுத்து ரன்பிஎம்=0. என்விடியா கார்டுக்கான நூவோ, ஏஎம்டி கார்டுக்கான ஏஎம்டிஜிபியு இரண்டு டிரைவருக்கும் இதே பெயரில் இந்த அமைப்பு உண்டு. கார்டைத் தூங்கவே விடாது. ஹேங் அன்றோடு நின்றது. பேட்டரியும் மடமடவென்று இறங்கியது, மடியில் வைக்க முடியாத சூடு வேறு. கடைசியில் கைகொடுத்தது ஸிஸ் (/sys) கோப்பகத்தில் அந்தக் கார்டின் பெயரில் இருக்கும் டி3கோல்டு_அலவுட் என்ற சின்னக் கோப்பு. அதில் 0 என்று எழுதினால் கார்டு தூங்கும், ஆனால் மின்சாரம் முழுதாக அறுபடாது. பேட்டரியில் கொஞ்சம்தான் நஷ்டம். ரீபூட் செய்தால் அந்த 0 மறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் தானாக அமலாகும் யூடெவ் விதியாகப் போட்டுவைத்திருக்கிறேன்.

சரியானதா என்று தெரிந்துகொள்ள நாள்கணக்கில் மூடித் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஆர்டிசிவேக் என்ற கட்டளை மெஷினைத் தூங்க வைத்து, சொன்ன விநாடிகள் கழித்து எழுப்பும். முப்பது விநாடி கொடுத்து ஒரு லூப்பில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தபோது தூங்கி எழுந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது நோயில் திரை உறைந்தாலும் பாட்டு ஓடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வேறு கன்சோலுக்குப் போய்த் திரும்பினால் படம் உயிர் பெற்றுவிடும். இந்த அறிகுறிதான் திறவுகோல். திரையில் எதுவும் மாறாதபோது பேனலே தன் நினைவகத்தில் உள்ள படத்தைக் காட்டிக்கொள்ள, கிராபிக்ஸ் ஓய்வெடுக்கும் ஒரு சிக்கன வசதி உண்டு; பிஎஸ்ஆர் என்பார்கள். ஓய்விலிருந்து திரும்பும் கட்டத்தில்தான் தகராறு. இன்டெல் என்றால் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10. எடுத்ததும் நிரந்தரமாக எழுத வேண்டாம். பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் ஈ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும், தப்பானால் ரீபூட் போதும்.

ஃபர்ம்வேர், அதாவது சாதனங்களுக்குள் ஓடும் நிரல், அந்த விஷயம் சுருக்கமாக. டெபியன் 12-லிருந்து அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே கட்டற்றதல்லாத (தயாரிப்பாளர் மூல நிரலைத் திறந்து தராத) ஃபர்ம்வேரும் வருகிறது, அதனால் புதிதாக நிறுவுபவர்களுக்குக் கவலை குறைவு. பழைய பதிப்பிலிருந்து ஏறி வந்தவர்கள் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்க்கவும். பயோஸ் அப்டேட்டுக்கு எஃப்டபிள்யூஅப்டி என்ற டூல் இருக்கிறது. உங்கள் மாடல் அதில் இருந்தால் அதிர்ஷ்டம். என்னுடையது இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மாறியதும் கர்னல் 6.1-லிருந்து 6.12 ஆனது. சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பிஎஸ்ஆர் வரி இப்போது தேவையில்லை, அது இல்லாமலே திரை ஒழுங்காக இருக்கிறது. டி3கோல்டு விதியை எடுத்த அன்றே எல்எஸ்பிசிஐ பழையபடி உறைந்தது, திரும்பப் போட்டுவிட்டேன்.

மிச்சமிருப்பது ஹெச்டிஎம்ஐ. என் லேப்டாப்பில் அந்த போர்ட் தனி கார்டோடு இணைந்திருக்கிறது. புரொஜக்டர் செருகினால் இரண்டு கார்டும் சேர்ந்து ஓடும், ஃபேன் கத்தும். யூஎஸ்பி-சி வழி வரும் படம் உள் கிராபிக்ஸிலிருந்து வருவதால் ஒரு அடாப்டர் வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் எந்த போர்ட் எந்தக் கார்டில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். கேம், வீடியோ ரெண்டரிங் எதுவும் இல்லை, ஆபீஸ் வேலையும் கோடிங்கும் மட்டும்தான் என்றால் தனி கார்டே இல்லாத மாடலாக எடுங்கள். என் அடுத்த லேப்டாப் அப்படித்தான்.