மைனர் லீக் பையன்களை எடைபோட ஒரு நல்ல பட்டியல்: ஃபேன்கிராஃப்ஸின் ‘தி போர்டு’

மேஜர் லீக் என்ற உச்ச லீக்குக்கு ஆட்டக்காரர்களைத் தயார்படுத்தும் மைனர் லீக் பேஸ்பாலில் யார் தேறுவார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவரத் தளத்தின் ‘தி போர்டு’ பட்டியலைத்தான், வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல் அது.

எல்லாம் 20-80 அளவுகோல், 20 அடிமட்டம், 80 உச்சம். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பந்தைத் தொடும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங் என்று தனித்தனி மதிப்பெண், அதிலும் இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தால் எவ்வளவு என்று இரண்டு எண்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் வெறும் ஹோம் ரன் (எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) கணக்கை நம்பினால் ஏமாந்துபோவோம்: 5,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் அமெரிக்க நகரமான ஆல்புகர்க்கியில் காற்று லேசு, பந்து பறக்கும், அங்கே 27 வயதுக்காரர் விளாசுவதும் 19 வயதுப் பையன் டபுள்-ஏ (மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் படி) பந்துவீச்சைத் தாக்குப்பிடிப்பதும் ஒன்றே இல்லை.

ஒவ்வோர் அணியாகத்தான் புதுப்பிக்கிறார்கள், அதனால் குறிப்பு எப்போது எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மதிப்பெண் ஜாதகம் இல்லை. 2024-இல் பட்டியல்களின் உச்சியில் இருந்த ஜாக்சன் ஹாலிடே மேஜர் லீக் போய் முதல் 10 ஆட்டங்களில் 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸைச் சேர்வது) மட்டுமே எடுத்தார், உடனே மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏ-வுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

எண்ணை விட்டுவிட்டாலும் கூடவே வரும் ஸ்கவுட் (ஆட்டக்காரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்) குறிப்பை விடாதீர்கள், மட்டை வீச்சில் எங்கே ஓட்டை என்பது அதில்தான் இருக்கும்.