1,400 குரோனர் போச்சு: பழைய டேனிஷ் கரண்டி வாங்குகிறவர்கள் கவனம்

நேற்று சாயங்காலம் பார்சல் வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. பரிமாறும் கரண்டி ஒன்று, முள்கரண்டி ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து 1,400 குரோனர் கொடுத்தேன். வந்தது திருவிழாக் கடைச் சரக்கு.

நான் கேட்டது டேனிஷ் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகொப்சன் 1957-இல் வடிவமைத்த வகை. கோபன்ஹேகனில் 1960-இல் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலுக்குக் கட்டடம், நாற்காலி, கரண்டி வரை எல்லாம் அவர் கைவேலைதான். பூவேலை எதுவும் கிடையாது, மங்கலான எஃகு, அவ்வளவுதான். சூப் கரண்டியில் இடக்கைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று செய்திருக்கிறார் மனிதர். நானும் இடக்கை. அதனாலேயே அவர்மேல் ஒரு பிரியம். வேலைக்குப் போகும்போது தினமும் அந்த ஹோட்டலைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் கிடைத்தது. பாட்டி வீட்டு அலமாரியில் இருந்தது என்றார் விற்ற பெண். பின்பக்க முத்திரையைக்கூடக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினார்: ஏ. மிக்கெல்சன், முதலில் இதைச் செய்த நிறுவனம், பழைய தயாரிப்பு. நான் விழுந்தது அதற்கல்ல. “கைப்பிடியில் ஒரு கீறல் இருக்கிறது, மன்னியுங்கள், 100 குறைத்துக்கொள்கிறேன்” என்று அவராகவே எழுதினார். குறையைத் தானே சொல்கிறவர் ஏமாற்றுவாரா? உடனே போனிலேயே 1,400-ஐ அனுப்பிவிட்டேன்.

பிரித்தால் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. கையில் எடுத்தால் கனமே இல்லை. முத்திரை இல்லை. அந்தக் கீறல்கூட இல்லை!

கேட்டதற்கு, “வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது” என்றார். மறுபடி கேட்டேன், என்னை பிளாக் செய்துவிட்டார். செயலிக்காரர்களோ, “தனிநபர் விற்பனை, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று பதில் போட்டார்கள். யாரிடம் பேச? வங்கியில், “நீங்கள் ஒப்புதல் கொடுத்த பணம்தானே” என்றார்கள். 14 நாளில் திருப்பித் தரும் உரிமையும் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால்தானாம்.

சரி, வாங்குகிறவர்களுக்கு: முத்திரைப் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்துப் புதிதாகப் படம் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்க் கையில் தூக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள், நல்ல எஃகும் அடித்து வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். விளம்பரத்தையும் உரையாடலையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. இப்போது அந்த விளம்பரமே இல்லை, 1,400 குரோனரும் இல்லை.