இ-சேவை முதல் டாம்கோ வரை: மதுரையில் சிறுபான்மைக் குடும்பத்துக்குச் சலுகை வந்து சேரும் வழி எப்படி இருக்கிறது?

சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று எதைக் கேட்டாலும் இ-சேவை மையத்தில் இதே கட்டணம்தான். கோரிப்பாளையத்தில் இருந்தாலும் நெல்பேட்டை, மகபூப்பாளையம், காஜிமார் தெருவில் இருந்தாலும் மையம் ஒன்றும் அதிக தூரத்தில் இல்லை. சேவை என்று பார்த்தால் விலை நியாயம், போய்ச் சேருவதும் சுலபம். தகராறெல்லாம் அங்கே தட்டச்சு ஆகிற பெயரில்தான் ஆரம்பிக்கிறது.

முகமது என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு ‘எம்’ போட்டும் எழுதலாம், இரண்டு ‘எம்’ போட்டும் எழுதலாம். ‘ஓ’ போடுவார்கள், ‘யூ’ போடுவார்கள். கடைசியில் ‘இடி’ என்றும் முடியும், ‘ஏடி’ என்றும் முடியும். அப்பா பெயர் சையது இப்ராஹிம் என்றால் ஒரு தாளில் இனிஷியல் எஸ், இன்னொன்றில் எஸ்.ஐ., வேறொன்றில் ஐ மட்டும். அம்மா ரேஷன் கார்டில் பீவி, ஆதாரில் பேகம், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். கிராம நிர்வாக அலுவலர் தெரிந்தவராக இருந்தால் “அதே ஆள்தான்” என்று விட்டுவிடுவார். கம்ப்யூட்டர் விடாது. உதவித்தொகைத் தளம் ஆதாரில் உள்ள எழுத்தையும் விண்ணப்பத்தில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் மையத்துக்குப் போகிற வேலையே இரண்டாவதுதான். முதலில் வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கையும் ஆதார், பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றிலிருந்து வரிசையாக எழுதிப் பாருங்கள். எங்கே எழுத்து மாறுகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் என்றால் தலைமை ஆசிரியர் வழியாகப் பள்ளிப் பதிவைத் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபிறகு அது தேர்வுத்துறை வரை போகிற வேலை. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே எந்த எழுத்து நிலைக்கப் போகிறது என்று முடிவு செய்துவிட்டு ஆதாருக்குப் போங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இருக்கிற எழுத்துக்கே மற்றதையெல்லாம் கொண்டுவருவதுதான் பின்னால் தொந்தரவு தராத வழி.

அடுத்து சாதிச் சான்று. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு 2007-ல் வந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் உள்ள பிரிவுகள் ஏழு: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), மாப்பிள்ளா, ஷேக், சையது. சான்றிதழில் இந்த ஏழில் ஒன்று இருந்தாக வேண்டும். ‘முஸ்லிம்’ என்று மட்டும் இருந்தால் ஒதுக்கீட்டுக்கு உதவாது. கவுண்டரில் “என்ன சாதி?” என்று கேட்கும்போது “முஸ்லிம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் அப்படியே ஏறியிருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கவுன்சிலிங் வரும்போதுதான் விஷயம் புரியும். மதுரையில் ராவுத்தர் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குச் சான்றிதழில் லெப்பை என்று வருவதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.

பதான் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. ஆனால் டாம்கோ (சிறுபான்மையினருக்கான மாநில அரசின் கடன் கழகம்) கடனுக்கும் சிறுபான்மை உதவித்தொகைக்கும் மதம்தான் அளவுகோல். அதற்குச் சாதிச் சான்றுக்குப் பதில் மதச் சான்று கொடுக்கலாம். இதைச் சொல்லித்தருகிற கவுண்டர் அபூர்வம். “சாதிச் சான்று இல்லையா, அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்று திருப்பி அனுப்பினால் அதை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

மதுரைக்கே உரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. சௌராஷ்டிரர்கள் மொழிச் சிறுபான்மையினர். டாம்கோவும் மத்திய அரசின் சிறுபான்மை உதவித்தொகையும் மதச் சிறுபான்மையினருக்கு: முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014 முதல் சமணர். சௌராஷ்டிரர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அவர்கள் போக வேண்டிய கதவு பிற்படுத்தப்பட்டோருக்கான கடன் கழகமான டாப்செட்கோ. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கு. அவர்களுக்கு டாம்கோவும் உண்டு.

விண்ணப்பம் மையத்திலிருந்து கிராம நிர்வாக அலுவலருக்குப் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, மண்டலத் துணை வட்டாட்சியரிடம் கையொப்பமாகும். மாநகருக்குள் அடிக்கடி நேர்கிற பிழை தாலுகா. மதுரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நகரம் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ரேஷன் கார்டு பழைய வாடகை வீட்டு முகவரியில் தெற்கில் இருக்கும், குடியிருப்பது கிழக்கில். எந்த முகவரியைக் கொடுத்தாலும் மறுபக்கத்து அலுவலர் “இங்கே இல்லை” என்று எழுதிவிடலாம். முதலில் ரேஷன் கார்டை மாற்றுங்கள், அப்புறம் சான்றிதழ். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நிராகரித்தால் காரணம் அந்த எண்ணில்தான் தெரியும், மறுபடி 60 ரூபாய் கட்டித்தான் புது விண்ணப்பம். தெளிவில்லாத ஸ்கேனும் நிராகரிப்புக்குக் காரணமாகலாம். மையத்திலேயே திரையைத் திருப்பச் சொல்லி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வருமானச் சான்றை ஓராண்டுக்கு மேல் நம்ப முடியாது, சாதிச் சான்று நிரந்தரம். ஏப்ரலிலேயே வருமானச் சான்றுக்குப் போட்டுவிட்டால் மே, ஜூன் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். முதல் பட்டதாரிச் சான்று ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் அதைக் காட்டிக் கல்விக் கட்டணச் சலுகை வாங்கிவிட்டால் தங்கைக்கு இல்லை. யாருக்கு அது அதிகம் பயன்படும் என்று வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

உதவித்தொகைக்கு வருவோம். தெருமுனைப் பிளெக்ஸ்களில் பழைய திட்டங்கள் இன்னும் தொங்குகின்றன. மத்திய அரசின் சிறுபான்மை உதவித்தொகை எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2022-23 முதல் இல்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் பெலோஷிப்பும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே யார் என்ன சொன்னாலும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் அந்த ஆண்டுக்கு எது திறந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அந்தத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்தால் 14 இலக்க எண் வரும். படிப்பு முடிகிறவரை அதே எண்தான். முகத்தைக் கேமராவில் காட்டி ஆதார் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்பதால் பிள்ளை நேரில் இருக்க வேண்டும்.

இங்கே பிரவுசிங் சென்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேகம் என்று பார்த்தால் இ-சேவையைவிட அவர்கள் ஒரு படி மேல். ஆனால் அவசரத்துக்குத் தங்கள் செல்போன் எண்ணையே போட்டுவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் விண்ணப்பத்தில் குறை கண்டு திருப்பி அனுப்பினால் அந்த எஸ்.எம்.எஸ். கடைக்காரருக்குப் போகும். அவர் பார்க்க மாட்டார், கடைசித் தேதி போய்விடும். அம்மாவின் எண்ணாவது இருக்கட்டும், கடைக்காரர் எண் வேண்டாம். விண்ணப்பித்ததோடு நின்றுவிடாமல் கல்லூரியில் சரிபார்த்துவிட்டார்களா என்றும் கேட்க வேண்டும். கல்லூரி சொடுக்காத விண்ணப்பம் மேலே போகாது.

பணம் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் ‘ஆதார் இணைப்பு’ என்ற சொல். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் கணக்கு விவரத்தில் ஏறும், அவ்வளவுதான். அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வர வேண்டுமென்றால் அந்த எண்ணை வங்கி தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பட்டியலில் ஏற்ற வேண்டும். சீடிங் என்பது இதைத்தான். அதற்கு வங்கியில் தனி ஒப்புதல் படிவம் கேளுங்கள். ஏறிவிட்டதா என்பதை ஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்; எந்த வங்கி என்றும் செயலில் இருக்கிறதா என்றும் காட்டும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக ஏற்றிய வங்கிக்குத்தான் பணம் போகும். பிள்ளையின் ஆதாரில் பிள்ளையின் கணக்கு ஏறியிருக்க வேண்டும், அம்மாவின் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்துப் பயனில்லை. இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும் என்பதால் அவ்வப்போது 100 ரூபாயாவது போட்டு எடுங்கள்.

மாநில அரசின் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரியில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய், மதம் சாதி பார்ப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பின்னால் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோர் இந்த விதியை ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அரசு விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண்பிள்ளைகளுக்கு அது கிடையாது. பேரையூர், கள்ளிக்குடி பக்கத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வருகிறவர்களுக்கு இது மாதா மாதம் 1,000 ரூபாயைவிடப் பெரிய உதவி என்று சொல்லலாம்.

டாம்கோ, அதாவது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், தருவது கடன், மானியம் இல்லை. பலர் மானியம் என்று நினைத்துப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். முதல் திட்டத்தில் தனிநபர் கடன் 20 லட்சம் வரை, வட்டி 6 சதவீதம், குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள். இரண்டாவதில் 30 லட்சம் வரை, ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 6 சதவீதம், வருமான வரம்பு 8 லட்சம். சுயஉதவிக் குழுவில் ஆளுக்கு 1 லட்சம், 7 சதவீதம். கைவினைஞர்களுக்கு 10 லட்சம் வரை, ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 4. கல்விக் கடன் முதல் திட்டத்தில் 20 லட்சம் வரை வெறும் 3 சதவீதம். இந்த மொத்தப் பட்டியலில் தங்கம் என்றால் இதுதான். வட்டி என்பதாலேயே ஒதுங்குகிற குடும்பங்கள் உண்டு, அது அவரவர் மனசாட்சி. ஆனால் அதே தெருவில் தண்டல் ஓடுகிறது. 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். டாம்கோவின் 6 சதவீதத்தில் 1 லட்சத்தை ஐந்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 1,935 ரூபாய்க்குள் வரும். மொத்த வட்டி சுமார் 16,000.

படிவம் ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் கூட்டுறவு வங்கிகளிலும் கிடைக்கும். சாதி அல்லது மதச் சான்று, ஆதார், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, திட்ட அறிக்கை வேண்டும்; வண்டி வாங்கக் கடன் என்றால் ஓட்டுநர் உரிமம். கல்விக் கடனுக்கு மாற்றுச் சான்றிதழ், படிப்புச் சான்று, மதிப்பெண் பட்டியலோடு கட்டண ரசீதின் அசலும்.

விண்ணப்பம் தேங்குகிற இடம் திட்ட அறிக்கை. கடைக்காரரிடம் 300 ரூபாய்க்குக் கிடைக்கிற அச்சடித்த அறிக்கையில் எல்லோருக்கும் ஒரே தையல் கடைதான் இருக்கும். இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், கட்டிங் மேசை, கடை அட்வான்ஸ், முதல் மூன்று மாதத்துக்கான நூல், பட்டன், வாடகை என்று நீங்களே பக்கம் ஒன்றில் எழுதுங்கள். மெஷினுக்கு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள கொட்டேஷன் வையுங்கள். கொட்டேஷனும் மற்ற செலவும் கூட்டினால் நீங்கள் கேட்கிற தொகை வர வேண்டும், 1.40 லட்சத்துக்குக் கணக்குக் காட்டி 3 லட்சம் கேட்டால் வங்கி அலுவலர் பேனாவை மூடிவிடுவார். அதன்பிறகு ஜாமீன். வங்கி யாரை ஏற்கும், என்ன ஆவணம் கேட்கும் என்பதைப் படிவம் வாங்குகிற அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை, சான்று எல்லாம் சரியாக இருந்தும் ஜாமீனில் நிற்கிற கோப்புகள் உண்டு.

மதிப்பெண் கேட்டால்: இ-சேவைக்கு ஐந்துக்கு நான்கு. உதவித்தொகைத் தளத்துக்கு மூன்று, குறைந்த இரண்டில் ஒன்று அதன் ஆங்கிலத்துக்காக. டாம்கோவின் வட்டிக்கு ஐந்து, ஜாமீன் நடைமுறைக்கு இரண்டு.

ஆட்சியர் அலுவலகம் அண்ணா பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் வளாகமே நிறைந்துவிடும். கோப்பு நகராமல் கிடக்கிறது என்று மனு கொடுக்க வேண்டுமென்றால் அன்று போய் ரசீதோடு வாருங்கள். படிவம் வாங்கவும் சந்தேகம் கேட்கவும் என்றால் செவ்வாய் அல்லது புதன் காலையில் போங்கள், உட்கார வைத்துப் பதில் சொல்ல ஆளிருக்கும்.