எழுதும் பெட்டிக்குள் சிவப்புக் கோடு: மூன்று வருட அனுபவம்

கட்டுரை எழுதுவதற்கென்று பைத்தான் நிரல்மொழியிலும், ஜன்னல், பெட்டி, மெனு எல்லாம் தரும் கியூடி என்ற நிரல் தொகுப்பிலும் நானே செய்துகொண்ட சின்ன எடிட்டரில் பிழைதிருத்தியைச் சேர்த்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் அதில்தான் எழுதுகிறேன்.

தப்பான சொல்லின் கீழே கோடு போடுவது சுலபம், ஆனால் போடும் விதம் முக்கியம். முதலில் தப்பான சொல்லைக் கர்சரால் தேர்ந்தெடுத்து அதன் வடிவத்தையே மாற்றினேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கோடும் ஒரு திருத்தமாகப் பதிவாகிவிடும், கண்ட்ரோல் இசட் அழுத்தினால் கடைசியாக அடித்த சொல் போவதற்கு முன்னால் கோடுதான் போகும். கியூடியிலேயே இருக்கிற கியூசின்டாக்ஸ்ஹைலைட்டர் என்ற கருவிக்கு மாறியதும் சரியாகிவிட்டது. அது ஆவணத்தைத் தொடாமல் திரையில் மட்டும் கோட்டைக் காட்டுகிறது, மாறிய பத்தியை மட்டும் மறுபடி பார்க்கிறது.

சொற்களை அகராதியோடு ஒப்பிட்டுச் சோதிப்பது ஹன்ஸ்பெல் என்ற நிரல். லிப்ரே ஆபீஸிலும் ஃபயர்பாக்ஸிலும் இருக்கிற அதேதான். ஆங்கிலத்துக்கு அன்றைக்கே வேலை முடிந்தது. தமிழில் அடித்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு. அகராதியைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு, சோதனைக்குப் போகும் சொற்களை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தால், ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கிறது! வரியைச் சொற்களாகப் பிரிக்க நான் பயன்படுத்திய பைத்தான் ரெஜெக்ஸில் (எழுத்துக் கோலங்களைத் தேடும் வசதி) ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கான குறியான பேக்ஸ்லாஷ் டபிள்யூ, ‘மி’யில் உள்ள மேல்விலங்கையும் ‘ழ்’ மேல் உள்ள புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. யூனிகோடில் தமிழுக்குரிய 128 இடங்களையும் நேரடியாகக் குறிப்பிட்டதும் பாதிக்கு மேல் சிவப்பு மறைந்தது.

அப்புறம் ‘கொ’ மாதிரி எழுத்துகள். அதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், அகராதிக்கு வேறு சொல். பழைய கோப்புகளிலிருந்து ஒட்டும்போது எனக்கு இது அடிக்கடி வந்தது. சோதிக்கும் முன் இரண்டாக வருவதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள், ஆனால் கோட்டின் இடத்தை மூல வரியிலிருந்தே கணக்கிடுங்கள், இல்லையென்றால் நீளம் குறைந்து கோடு தள்ளி விழும்.

இன்றுவரை தீராதது விகுதிகள். ‘வீட்டிலிருந்துதானே’ போன்றவை எவ்வளவு பெரிய அகராதியிலும் முழுதாக இருக்காது. அதனால் வலது கிளிக் மெனுவில் ‘என் அகராதியில் சேர்’ கட்டாயம் வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும் சொல்லுக்கும் கோடு வேண்டாம், இடைவெளி விழும்வரை பொறுங்கள். சரியான சொற்களின் கீழெல்லாம் சிவப்பு தெரிந்தால் சில நாளில் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது, பிறகு உண்மையான பிழையும் தப்பிவிடும்.

சந்தி இன்னொரு சிக்கல். ‘அதைச் செய்தான்’ என்பதை ‘அதை செய்தான்’ என்று ‘ச்’ இல்லாமல் எழுதினாலும் ஹன்ஸ்பெல்லுக்குத் தெரியாது, தனித்தனியே இரண்டும் சரியான சொற்கள். இந்த மாதம் இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று இருக்கிறதா என்று பார்க்கும் விதியைச் சேர்த்து நீலக் கோடு கொடுத்திருக்கிறேன். ‘வீட்டுக்கு போனேன்’ உடனே மாட்டுகிறது. ‘விளக்கு பிடித்தான்’ என்பதும் மாட்டுகிறது. அங்கே ‘கு’ உருபு இல்லை என்று அதற்குச் சொல்லித்தர வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.